இருநூறு இலைக்குள்
பேரையூரில் சமையல் மாஸ்டர் வீட்டு வாசலில், கழுவிக் கவிழ்த்த அண்டாக்களின் மேல் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. மகள் திவ்யாவின் கல்யாணப் பந்தியை இருநூறு இலைக்குள் அடக்க, ஜெயக்கொடி காலையிலிருந்து அவரோடு மல்லுக்கட்டுகிறாள். அப்பளத்தைச் சிறிதாக்கியாயிற்று, ஐஸ்கிரீமைப் பட்டியலிலிருந்தே அடித்தாயிற்று. அவள் புருஷன் நல்லகாமனோ தெருவில் பைக்கில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "மாப்ள, குடும்பத்தோட வந்துரணும்!" என்று கும்பிடுகிறார். "இம்புட்டுப் பேருக்கு எங்கிட்டுப் போய்ச் சோறு போடுறது? பந்தியில பத்தலைன்னா யாரு மானம் போகும்?" என்று அவள் பல்லைக் கடிக்கிறாள். "வந்து சாப்பிடட்டும்டி, நம்ம புள்ள கல்யாணம்ல!" என்கிறார். மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இருநூறே போதும்லம்மா?" என்று கேட்கிறார். அவள் வாய் திறப்பதற்குள் நல்லகாமன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்: "மாஸ்டர், உங்க வீட்டுலயும் அம்புட்டுப் பேரும் வந்துரணும்." ஜெயக்கொடி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைக்கிறாள். "எனக்குப் பட்டுச்சேலை வேணாம், அந்தக் காசு இருக்கு. முந்நூறாவே போட்டுக்கங்கண்ணே."