காறையெலும்புக்குக் கீழே

காசிமேட்டு இறால் கொட்டகையில், தகரக்கூரையின் ஓட்டை வழியே இறங்கும் காலை வெயில் ஐஸ்மேல் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. பதினைந்து நாள் கழித்து மங்கம்மா தன் பழைய பலகையில் உட்கார்ந்து இறால் உரிக்கிறாள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்க்கும் நுரையீரல் குழாய்க்கும் நடுவே, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய சிறுவழி ஒன்று அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாகத் திறந்தே கிடந்தது. இடது காறையெலும்புக்குக் கீழே கைவைத்தால், அதில் ரத்தம் பாய்கிற அதிர்வு நிறுத்தாத படகு எஞ்சின் மாதிரி உறுமும். பெண் கேட்டு வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். கொட்டகைப் பெண்கள்தான் போகிறபோதும் வருகிறபோதும், ஐஸில் விறைத்த உள்ளங்கையை அங்கே அழுத்தி, "ஓடிகினு கீதுடி" என்று சிரிப்பார்கள். போன மாதக் கடைசியில் பெரியாஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை.

எதிரே இருக்கும் மலர்க்கொடி பழக்கத்தில் எட்டிக் கைவைக்கிறாள். தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள்.

"இன்னாமே, ஒண்ணியும் காணோம்?"

"அதான் அடச்சிட்டாங்களே."

"அப்பாடா, வுட்டுது தொல்லை." மலர்க்கொடி கையை எடுத்துக்கொண்டு தன் கூடைக்குத் திரும்புகிறாள். வரிசையில் வேறு யாரும் நிமிரவில்லை.

மங்கம்மாவின் சேலையில் ஐந்து விரல் ஈரம் பதிந்திருக்கிறது. மேலே விழும் வெயிலில் அது ஓரத்திலிருந்து காயத் தொடங்குகிறது. அவள் பலகையை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.