நகராத கார்கள்

அலமாரியில் விடுதிப் பெண்களின் போன் ஒன்றுகூடக் குறையவில்லை. மேனேஜர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, திருப்தி வராமல் பூட்டையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் குடுப்பேன். என் கண்ணு முன்னாடியே வீட்டுக்குப் பேசிட்டுத் திருப்பி வச்சிடணும்" என்றார் விடுதியின் வார்டன்.

"அப்புறம் எப்படி மேடம் எட்டு விடுதியிலயும் ஒரே பேச்சாப் பேசறாங்க? காக்கா வந்து சொல்லிட்டுப் போகுதா?"

வார்டன் கையைப் பிசைந்தார்.

போன வாரம், காய்ச்சலில் படுத்து வேலைக்கு வராத ஒரு பெண்ணின் சீட்டை மேனேஜர் கிழித்து அனுப்பியிருந்தார். சட்டைக்குப் பாக்கெட் தைக்கிறவள். எல்லோருக்கும் அவள் பாக்கெட் அக்கா. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து, ஆலைக்கு ஒரு விடுதி என்று முதலாளி நடத்தும் எட்டுத் தையல் ஆலைகளிலும் முணுமுணுப்பு.

ஆர்டர் கப்பலேற வேண்டிய நேரம். இப்போது மெஷின் நின்றால் அடுத்துக் கிழிவது மேனேஜரின் சீட்டு. முதலாளி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பேசிக்கொள்ள வழியில்லாவிட்டால் ஒற்றுமை எங்கிருந்து வரும் என்பது மேனேஜரின் கட்சி. போனைப் பிடுங்கி வைத்ததும், வேலை முடிந்ததும் விடுதிக்கு விடுதி கேட்டைப் பூட்டியதும் அதற்குத்தான். இத்தனைக்குப் பிறகும் வாயை அடைக்க முடியவில்லையே என்று அவருக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

மாடியிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது.

"அது என்ன?"

"நீங்க வாங்கிக் குடுத்த கேம் மெஷின்தான் சார். வேலை விட்டு வந்தா அது முன்னாடியேதான் கிடக்குதுங்க. சண்டை சச்சரவு எதுவுமே இல்ல."

மேனேஜரின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் விடுதியைப் பார்வையிட வருகிறார்கள் என்றதும், விடுதிக்கு ஒன்றாகப் புது மாடல் கேம் மெஷினை வாங்கிப் போட்டவர் அவர். இதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், எங்கோ இருப்பவர்களோடும் சேர்ந்து விளையாடலாம் என்று அட்டைப்பெட்டியில் இருந்ததை அப்படியே ஒப்பித்து, வந்தவர்களிடம் சபாஷும் வாங்கியிருந்தார். அவர் வீட்டிலும் ஒன்று உண்டு. கார் பந்தயத்தில் உட்கார்ந்துவிட்டால் மனுஷருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மாடி அறையில் பெண்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலர். சட்டைக்குக் காலர் வைக்கிறவள் என்பதால் அந்தப் பெயர். காதில் ஹெட்போன், கையில் கன்ட்ரோலர். மேனேஜரைப் பார்த்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

டிவியில் எட்டு கார்கள் கோட்டில் வரிசையாக நின்றன. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு காரும் நகரவில்லை. ஓரத்தில் நின்ற கார் ஹாரன் அடித்தது. சற்றுப் பொறுத்து அதற்கடுத்த கார்.

"பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு? கெளம்ப வேண்டியதுதானே?"

காலர் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள். "எல்லாரும் சேந்து கெளம்பலாம்னு நிக்கிறோம் சார்."

"சேந்து கெளம்பினா அதுக்குப் பேரு பந்தயமா? ஊர்வலம்மா அது."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். வார்டன் மட்டும் கடமைக்குச் சிரித்து வைத்தார்.

"தள்ளு. எப்படி ஓட்டறதுன்னு நான் காட்டறேன்."

"இப்ப வேணாம் சார். எங்க முறை வரப்போகுது."

"எனக்கே வேணாம்னு சொல்றியா? இத வாங்கிப் போட்டதே நான்தான்."

"வாங்கிப் போட்டது நீங்கதான். ஆனா இது வேலை முடிஞ்ச நேரம் சார், எங்க நேரம்."

தையல் கூடத்தில் யாராவது இப்படி வாயாடியிருந்தால் நடப்பதே வேறு. இப்போது அவருக்குக் கை துறுதுறுத்தது. கோபத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, அவள் கையிலிருந்த கன்ட்ரோலரை வெடுக்கென்று பிடுங்கினார். அதில் செருகியிருந்த ஹெட்போன் வயர் கழன்று தரையில் விழுந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. இது ஆக்ஸிலேட்டர். இது பிரேக். இது ஹாரன்" என்று சொல்லி, ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்தினார்.

அவ்வளவு நேரம் ஹெட்போனுக்குள் இருந்த பெண் குரல் ஒன்று, இப்போது டிவியிலிருந்து கணீரென்று வந்தது.

"கடைசி ஹாரனும் கேட்டுடுச்சு. அப்ப உங்க விடுதியும் சம்மதம்னு எடுத்துக்கவா?"

மேனேஜரின் கட்டைவிரல் பட்டன் மேல் அப்படியே நின்றது.

காலர் எழுந்தாள். அவசரப்படாமல் கன்ட்ரோலரை அவர் கையிலிருந்து வாங்கி, அதிலேயே இருந்த மைக்கை வாயருகே கொண்டுபோனாள். கட்டைவிரலை ஹாரன் பட்டன் மேல் வைத்துக்கொண்டு, அவருடைய முகத்தையே பார்த்துப் பேசினாள்.

"அது எங்க மேனேஜர் அடிச்சது அக்கா, கணக்குல சேக்காதீங்க. நாளைக்கு மெஷின நிறுத்தறதுக்கு எங்க ஹாரன் இதுதான்."