லேசாகப் புகை

ஒரு மணிக்கு மெழுகுவத்தியைப் பற்ற வைத்துவிட்டு மருமகள் கதவைச் சாத்தினாள். இனி ஐந்து மணி வரை அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது.

மின்விசிறி ஓடக் கூடாது. வெளியே தடதடவென்று நடக்கக் கூடாது. கதவைத் திறந்தால் சுடர் சாயும், சாய்ந்தால் கண்ணாடியில் கரி படியும், கரி படிந்தால் பரிசோதனை முதலிலிருந்து. வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

இன்று ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை.

சும்மா ஆசைக்கு வீட்டில் வார்த்துப் பார்த்த மெழுகுவத்திகளை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி முன்வந்திருந்தார். பன்னிரண்டு கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக் குவளையில் வார்த்த மெழுகுவத்தி நாலு மணி நேரம் ஒழுங்காக எரிகிறதா, புகைகிறதா, திரி முனையில் கரி கட்டுகிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து எழுதித் தர வேண்டும்.

போன நாலு ஞாயிறுக்கும் நோட்டில் ஒரே முடிவு. "லேசாகப் புகை. மறுபடி பார்க்க வேண்டும்."

வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது. இன்று ஐந்து மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். தேறினால் ஆர்டர், இல்லையென்றால் வேறு ஆள்.

அந்த ஆர்டர் அவளுக்கு வேண்டும். கடை அலமாரியில் தன் கையால் வார்த்தவை வரிசையாக நிற்பதை மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். அதை நம்பித்தான் இருநூறு காலிக் குவளைகளை வாங்கிப் போட்டிருந்தாள். அந்த அட்டைப்பெட்டிகள் கூடத்தில் நின்றுகொண்டு போகிற வருகிற கணவனின் முழங்காலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தன.

கதவைத் தட்டினாலும் சுடர் ஆடும் என்று அவள் சொல்லி வைத்திருந்ததால் வீடு கடிதப் போக்குவரத்துக்கு மாறியிருந்தது. கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கதவுக்கடியில் தள்ளுவார்கள்.

"என் மூக்குக்கண்ணாடி எங்கே?" இது கணவன்.

"நெற்றியில் பாருங்கள்" என்று எழுதித் திருப்பித் தள்ளினாள்.

"நீலச் சட்டை?" இது மகள்.

"கொடியில்."

"சர்க்கரை டப்பா?" இது மாமியார்.

"மேல்தட்டு, இடது கைப் பக்கம்."

முதல் ஞாயிறு பத்தொன்பது சீட்டுகள் வந்தன. இன்று இதுவரை மூன்றுதான். டீயைக்கூடக் கணவனே போட்டுக்கொள்கிறான், பால் பொங்கி வழிகிற வாசனை மட்டும் அவ்வப்போது வரும்.

நாலே முக்காலுக்கு நாலாவது சீட்டு வந்தது. மாமியாரின் கோணல் எழுத்து.

"உள்ளே வரலாமா?"

அவள் பென்சிலைத் தேடுவதற்குள் கதவு திறந்தது. சுடர் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. மாமியார் மருமகளின் போனைக் கையில் பொத்திப் பிடித்தபடி நின்றார். வியாபாரி கால்மணி நேரம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டார்.

மாமியார் அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலில் முதுகுக்கு அண்டக்கொடுத்த இரண்டு தலையணைகள். பாதி உரித்த ஆரஞ்சு. கவிழ்த்து வைத்த கதைப் புத்தகம், அதுவும் முக்கால்வாசி முடிந்திருந்தது.

பிறகு மெழுகுவத்தியிடம் குனிந்தார். குவளை கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. சுடர் அடக்க ஒடுக்கமாக எரிந்தது. புகையைத் தேடினாலும் கிடைக்காது.

நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். முதல் ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்து. "எல்லாம் சரி. தேறிவிட்டது" என்று அழகாக எழுதி, அதன் மேல் ஒரே கோடாக அடித்திருந்தது. கீழேதான் அந்த லேசான புகை.

மருமகள் கதைப் புத்தகத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். என்னவென்று சொல்வது? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில், யாரும் கூப்பிடாத மத்தியானம் இப்போதுதான் கிடைத்தது என்றா? தேறிவிட்டது என்று எழுதினால் கதவைத் திறந்துவிட வேண்டும், அதற்குத்தான் மனசு வரவில்லை என்றா?

மாமியார் நோட்டை மூடி வைத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, போனைக் காதில் வைத்தார்.

"தேறிடுச்சு தம்பி, ஆர்டரை எழுதிக்கோங்க. ஆனா ஒண்ணு. இனிமே வார்க்கிற ஒவ்வொரு ஈடுலயும் ஒண்ணை எரிச்சுப் பாத்துட்டுத்தான் மிச்சத்தை அனுப்புவோம். நாலு மணி நேரம், கூடவே ஆள் உக்காந்து."

அந்தப் பக்கம் வியாபாரிக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு பொறுப்பான வீட்டை அவர் பார்த்ததே இல்லையாம்.

போனை வைத்துவிட்டு மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார்.

"வாரத்துக்கு எத்தனை ஈடு வார்ப்ப?"

"ரெண்டு, அத்தை."

"ஞாயித்துக்கிழமை உனக்கு. புதன்கிழமை எனக்கு."

சொல்லிவிட்டு, ஒரு தலையணையை உருவி முதுகுக்கு வைத்துக்கொண்டு காலை நீட்டினார். ஆரஞ்சில் ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மருமகள் மீதியை அப்படியே அவர் பக்கம் நகர்த்தினாள்.

கதவுக்கடியில் சரசரவென்று இன்னொரு சீட்டு வந்தது. கணவனின் எழுத்து.

"அம்மாவைக் காணோம். நீ பார்த்தாயா?"

மாமியார் பென்சிலை வாங்கி, சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் நிதானமாக எழுதி வெளியே தள்ளினார்.

"லேசாகப் புகை. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."