திருத்திய தெரு

போன வாரம்கூட இந்தப் படத்தில் அம்மா இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். இன்று நகரத்தின் பழைய படங்களைக் கேட்டதும் வீட்டின் பேசும் திரைச்சுவர் அதே கீழமாசி வீதியை விரித்துக் காட்டியது. சைக்கிள் ரிக்‌ஷா இருந்தது, சினிமா போஸ்டர் இருந்தது, அதைத் தின்னும் மாடும் இருந்தது. முனையில் அம்மாவின் கடை இல்லை. அம்மாவும் இல்லை.

"எங்கம்மாவ என்னய்யா பண்ணுனீங்க?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"மாநகராட்சியின் பழைய படங்களிலிருந்து நடைபாதை ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டுள்ளன" என்றது சுவர், பணிவாக.

"திருப்பி வைங்கய்யா!"

"அந்த இடத்தில் கடை நடத்த அனுமதி இருந்ததாகப் பதிவு இல்லை, ஐயா."

இருக்காதுதான். உயிரோடு இருந்தவரை வாராவாரம் லத்தியால் தட்டி அவளை விரட்டினார்கள். மறுநாளே அதே இடத்தில் அடுப்பு மூட்டிவிடுவாள். அந்த இட்லியில் வளர்ந்த உடம்பு இது. படத்திலிருந்து விரட்டினால் அவள் எப்படித் திரும்பி வருவாள்?

இட்லிக் கொப்பரையின் ஆவியை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். வெறும் நடைபாதைமேல் அது வெள்ளையாக நின்றது.

சத்தம் கேட்டு வந்த மகள் ஆதிரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதுரையில அப்பல்லாம் இம்புட்டுப் பனி பெய்யுமாப்பா?"