சிரிக்காத காட்சி

ஜனங்கள் சிரிக்காத காட்சி மறுநாள் படத்தில் இருக்காது. தியேட்டரில் எழும் சிரிப்பைக் கேட்டு, படமே அதைக் கழற்றி எறிந்துவிடும். படம், தூத்துக்குடிப் பையன்கள் நாலு பேர் ஒரே பாட்டால் ஓகோவென்று புகழடைந்த பழைய கதை. நடிகர்கள் கிடையாது. பழைய வீடியோக்களிலிருந்து கம்ப்யூட்டரில் அவர்களையே எழுப்பி நடமாட விட்டிருந்தார்கள். டிரம்ஸ் அடிக்கும் ஜெரோம், பெல்சிட்டாவின் செத்துப்போன தம்பி.

முதல் வாரம் படம் முழுக்க இருந்தான். அக்காவுக்குக் கொலுசு வாங்கிவரும் காட்சியைப் பார்த்து பெல்சிட்டா அழுதாள். மறுநாள் அது இல்லை. அவன் வந்த இடமெல்லாம் இப்படித்தான் போனது. மிஞ்சியது ஒன்று: ஆடிக்கொண்டே மேடையிலிருந்து தலைகுப்புற விழுவான். தியேட்டரே சிரிப்பில் அதிரும். நிஜத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. விழும்போது மட்டும் பெல்சிட்டா கண்ணை மூடிக்கொள்வாள்.

"இனி எதுக்குட்டி வரணும்? விழுறது ஒண்ணுதான மிச்சம்," என்றான் கணவன் ராயப்பன்.

"அதுலயாவது அவன் மொகம் தெரியுதுல்லா."

அன்றைக்குக் கூட்டத்துக்கு அந்தக் காட்சியும் அலுத்துப்போயிருந்தது. ஜெரோம் விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பெல்சிட்டா கண்ணை அகலத் திறந்து, தம்பியைப் பார்த்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.