உலர் குப்பையில் ஒரு பொட்டலம்

வாசல் பக்கம் ஒரு பார்வை, தோட்டத்துப் பக்கம் ஒரு பார்வை. ஆள் அரவம் இல்லை. மருமகள் கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை உலர் குப்பைத் தொட்டிக்குள், அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் திணித்து, சத்தம் வராமல் மூடினாள்.

பொட்டலத்துக்குள் இருந்தது கரிக்கட்டையாகிப்போன உருளைக்கிழங்கு.

நியாயமாக அது ஈரக் குப்பையில் போக வேண்டியது. ஆனால் ஈரக் குப்பை மாமனாரின் இலாகா. தோட்டத்து உரத்தொட்டியில் அவர்தான் கொட்டுவார். சும்மா கொட்ட மாட்டார், கிளறிப் பார்ப்பார். கருகினது ஏதாவது கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான்.

"அடுப்புல சமைச்சீங்களா, அடுப்பையே சமைச்சீங்களா?" என்பார். புருஷனும் சேர்ந்துகொண்டு சிரிப்பான்.

அவர்களுக்கு அது தமாஷ். கல்யாணமாகி இப்போதுதான் வந்தவளுக்கு அழுகை வந்துவிடும்.

மாமியாரோ குப்பை விஷயத்தில் படு கறார். ஈரம் தனி, உலர்ந்தது தனி, பேட்டரியும் பல்பும் தனி என்று வீடு வீடாக ஏறி இறங்கி அந்தத் தெருவையே பிரிக்க வைத்தவர் அவர்தான். "எங்கம்மா ஒரு பிரிவினைவாதி" என்று மகனே சொல்லிச் சிரிப்பான்.

மறுநாள் காலை குப்பை வண்டி வந்தது. மாமியார் தொட்டியோடு வாசலுக்குப் போக, மருமகள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

தொட்டியைக் கவிழ்த்த வண்டிக்காரம்மா மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா இது? பேப்பர்ல சுத்தி கருகின சாப்பாடு! இது ஒண்ணு கலந்தா ஒரு மூட்டைக் காகிதமும் வீணாப்போயிடுமே. உங்க வீட்லயே இப்படியா?"

குப்பை கொட்ட வந்திருந்த எதிர்வீட்டு டீச்சருக்கு இதைவிட நல்ல சேதி வேண்டுமா?

"அடடே! ஒரு வாழைப்பழத் தோலுக்கு எனக்கே பாடம் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமியாரின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்து டீச்சருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல.

"சரி விடுங்க. புதுசா வந்த பொண்ணு, தெரியாம போட்டிருப்பா."

ஜன்னலுக்குப் பின்னால் மருமகள் இன்னும் ஒதுங்கிக்கொண்டாள்.

"அவளை எதுக்கு இழுக்கறீங்க?" மாமியாரின் குரல் வெடுக்கென்று வந்தது. "போட்டது நான்தான். தப்பு என்னோடதுதான். குடும்மா இப்படி."

பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டார்.

ஓடிப்போய் நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. தெருவே மதிக்கிற மனுஷி, தன்னால் தெருவில் தலைகுனிந்து நின்றதை நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை. சட்டென்று முடிவு செய்தவள் போலப் பின்பக்கம் ஓடினாள்.

மாமியார் குழாயடியில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தை..."

"என்னம்மா, ஏன் அழறே?"

"என்னை மன்னிச்சிடுங்க அத்தை. எனக்காக நீங்க அத்தனை பேர் முன்னாடி அவமானப்பட்டுட்டீங்க. அந்தப் பொட்டலம் நான் போட்டது. மாமா கிண்டல் பண்ணுவாரேன்னு பயந்து ஒளிச்சு வெச்சேன். நேத்து மட்டும் இல்ல... முன்னாடியும் போட்டிருக்கேன்."

மாமியார் குழாயை மூடினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, மாமனார் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஈரக் கையோடு அவளைக் கிட்டே இழுத்தார்.

"அசடு, கண்ணைத் தொடைச்சுக்கோ. நீ போடற பொட்டலத்தையெல்லாம் அன்னன்னைக்கே எடுத்து ரோஜாச் செடிக்கு அடியில புதைச்சுட்டுத்தானே நான் தூங்கவே போறேன்! நேத்து உருளைக்கிழங்கும் அங்கதான் இருக்கு."

மருமகள் திகைத்துப்போனாள். "அப்போ... வண்டிக்காரம்மா எடுத்தது?"

மாமியார் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அது காலையில நான் தீய்ச்ச பீன்ஸ். உங்க மாமா வர்ற சத்தம் கேட்டுது... அவசரத்துல நானும் அங்கேயே ஒளிச்சுட்டேன். அந்த மனுஷனோட கிண்டல் எனக்கு மட்டும் பிடிக்குமா என்ன?"