ஆலா பக்கத்தில் ஒரு வரி

நகலில் ஆலாப் பறவையின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே அவன் எழுதிய வரிகள் இல்லை.

அவள் எதிர்பார்த்ததுதான்.

உதிர்ந்துபோகும்படி செய்து வைத்தவளே அவள்தான்.

காயல் பறவைகளுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய விக்கி. இன்று மாலையோடு மூடுகிறார்கள். பக்கங்களை ஒரு நூலகத்தின் தளம் ஏற்றுக்கொள்கிறது. நாகர்கோவிலில் இருந்து ஷெர்லின் ஒவ்வொன்றாக நகலெடுக்க, இவள் இங்கே சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் அவள் கண்டிப்பானவள். கட்டுரை பறவையைப் பற்றிப் பேசலாம், தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்பாள். ‘இந்தப் பக்கத்தில்’, ‘இந்தத் தளத்தில்’ என்று தொடங்கும் வரி வேறு இடத்துக்குப் போனால் திருதிருவென விழிக்கும் என்பாள்.

அதற்காகப் பக்கங்களில் செருகும் குறியாக ஒரு வார்ப்புரு எழுதினாள். தன்சுட்டு என்று பெயர். இரட்டை அடைப்புக்குறி போட்டு, அந்தப் பெயரோடு வரியையும் உள்ளே வைத்தால் போதும். தளத்தில் தெரியும். வேறெங்கு நகலெடுத்தாலும் தானே உதிர்ந்துவிடும்.

மற்றவர்கள் அதை மறந்துபோனார்கள்.

அவன் அதற்குள் குடியேறினான்.

*இந்தப் பக்கம் எழுதப்பட்டபோது கரண்ட் இல்லை.*

*இந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியை எழுதியவருக்குப் பசி.*

*இந்தப் பக்கத்தைத் திருத்துபவர் இன்று கோபமாக இருக்கிறார். காற்புள்ளிகளைப் பார்த்தாலே தெரிகிறது.*

அவள் எதையும் அழிக்கவில்லை. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

யாரும் எடுத்துப்போக முடியாததை ஏன் எழுதுகிறாய் என்று ஒருமுறை கேட்டாள்.

“சிலதெல்லாம் இங்கனயே கெடக்கட்டும்,” என்றான்.

ஆலா பக்கத்தில் அவன் எழுதியது கொஞ்சம் நீளம்.

*இந்தப் படம் எடுத்த அன்று, இந்தப் பக்கத்தைத் திருத்துபவர் மணக்குடிச் சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தார். அவருக்கு நினைவிருக்கிறதா?*

நினைவிருந்தது.

அவள் ஒற்றைச் செருப்போடு நடந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவனும் ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பாலம்வரை இருவரும் நொண்டிக்கொண்டே வந்தார்கள். எதிரே மீன்கூடையோடு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாலத்தின் நடுவில் அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

பஸ் வந்துவிட்டது.

பிறகு அவனும் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவன் வரியில் ஒரு சந்திப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தினாள்.

அடுத்த மழைக்கு முன் அவனுக்குப் பனி பெய்யும் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அண்மைய மாற்றங்கள் பட்டியலில் அவன் பெயர் கீழே, இன்னும் கீழே இறங்கியது. ஒருநாள் பட்டியலிலேயே இல்லை. விக்கி மூடப்போகிறது என்று அனுப்பிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.

அவன் வரிகளை அடைப்புக்குள் இருந்து வெளியே எடுத்துவிடலாமா என்று காலையில் யோசித்தாள். எடுத்தால் நகலோடு போகும். ஆனால் இங்கேயே கிடக்கட்டும் என்றவன் அவன்.

விட்டுவிட்டாள்.

ஃபோன் அடித்தது. ஷெர்லின்.

“அக்கா, ஆலா பக்கத்துல ஒரு வரி மட்டும் முன்னயும் பின்னயும் சேராம நிக்கி. செருப்பு பத்தி. எடுத்திரட்டா?”

அவள் நகலைக் கீழே நகர்த்தினாள்.

*கூடு கட்டாது. மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். நினைவிருக்கிறது. செருப்பு மட்டுமல்ல.*

அவள் எழுதியதுதான். அவன் போனபின், மழை பெய்த ஒரு பகலில், அவன் கேள்விக்குக் கீழே.

அடைப்புக்குள் வைக்க மறந்திருக்கிறாள்.

இத்தனை பேருக்கு விதி சொன்னவள்.

கேள்வி உதிர்ந்துவிட்டது. பதில் மட்டும், முட்டைகளுக்குப் பக்கத்தில், கேட்பாரில்லாமல் நின்றது. அவன் அதைப் பார்க்கவேயில்லை. அதை எழுதிய நாளுக்குப் பிறகு அவன் உள்நுழைந்ததே இல்லை.

ஷெர்லின் காத்திருந்தாள். அவள் வீட்டு மின்விசிறி ஃபோனில் கடகடத்தது.

“எடுக்காண்டாம். ஒரு நிமிசம் இரி.”

விக்கிப் பக்கத்துக்குப் போய், திருத்து என்பதை அழுத்தினாள். அந்த வரியின் முன்னால் இரட்டை அடைப்புக்குறி போட்டாள். தன்சுட்டு என்று அடித்தாள். அவ்வளவுதான் வேலை. பதிலும் உதிர்ந்துவிடும். பக்கம் சுத்தமாகிவிடும்.

சேமிக்கவில்லை.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

வேறொரு வார்ப்புருவும் உண்டு. எந்த விக்கியிலும் இருப்பது. ஆதாரமில்லாத வரியின் கடைசியில் சிறிய எழுத்தில் நிற்கும். தெரிந்தவர் யாராவது, எங்கிருந்தாவது, என்றாவது வந்து ஆதாரம் தருவார் என்று விட்டுவைப்பார்கள்.

அது நகலிலும் உதிராது.

சேமித்தாள். மறுபடி நகலெடுத்து அனுப்பிவிடச் சொன்னாள்.

மாலைக்குள் ஆலா நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பனி பெய்யும் ஊரிலிருந்தும்.

*நினைவிருக்கிறது. செருப்பு மட்டுமல்ல.* [சான்று தேவை]